மூலைக்கு ஓட்டு: கூடைப்பந்தில் தனியாள் டிஃபென்ஸ் பழக்குவது எப்படி

டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை பிற்பகல் நாங்கள் கூடைப்பந்து பழகும் சிமென்ட் தளம் உண்மையில் நெட்பால் தளம். அதுவும் கூடைப்பந்து மாதிரி ரிங்கில் பந்து போடும் ஆட்டம்தான். தென்னாப்பிரிக்காவில் பெண்பிள்ளைகள் படிக்கும் பெரும்பாலான பள்ளிகளில் நெட்பால் இருக்கும். கூடைப்பந்துக்கு இடம் கேட்டால்தான் யோசிப்பார்கள். நல்லவேளையாக அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. நெட்பாலுக்கு 30.5க்கு 15.25 மீட்டர், கூடைப்பந்துக்கு 28க்கு 15. ரிங்கின் உயரம்கூட இரண்டுக்கும் 3.05 மீட்டர்தான். போர்டு வைத்த இரண்டு கம்பங்களைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, சாக்கட்டியால் கோடு போட்டால் வேலை முடிந்தது.

பிள்ளைகள் காலையில் தமிழ் வகுப்பை முடித்துவிட்டு வருவார்கள். பதினொன்றிலிருந்து பதினைந்து வயது வரை, பையன்களும் பெண்களும் கலந்து பதினெட்டுப் பேர். அவர்களில் ஒருத்திக்கு நாங்கள் வைத்த பெயர் ஜி.டி. பள்ளி நெட்பால் அணியில் கோல் டிஃபென்ஸ் ஆடுகிறவள். அந்த இரண்டு எழுத்துப் போட்ட மேலாடையோடேயே முதல் நாள் வந்துவிட்டாள், பெயரும் ஒட்டிக்கொண்டது.

அன்று ஒரு பையனிடம் பந்தைக் கொடுத்து, "இவனை ரிங் பக்கம் விடாதே" என்று அவளிடம் சொன்னேன். அவனிடமிருந்து சரியாக மூன்றடி தள்ளி நின்று இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவன் பந்தைத் தட்டிக்கொண்டே அவளைச் சுற்றிப் போய் ரிங்கில் போட்டுவிட்டு வந்தான். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. என் பக்கம் திரும்பிப் புகார் சொன்னாள்: "ஆன்ட்டி, அவன் பந்தோட நடக்கிறான்!"

அவள் கேட்டதில் நியாயம் உண்டு. நெட்பாலில் பந்து வைத்திருப்பவர் நகரக்கூடாது, மூன்று விநாடிக்குள் பந்தை விட்டாக வேண்டும். தடுப்பவரும் அவர் காலிலிருந்து 0.9 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். மூன்றடி, கை இரண்டும் மேலே. அந்த ஆட்டத்தில் அதுதான் சரியான டிஃபென்ஸ். இன்னும் சொல்லப்போனால், 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியபோது எழுதிய 13 விதிகளில் மூன்றாவதும் இதையே சொன்னது: பந்தோடு ஓடக்கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகும் டிரிப்ளிங் பிறகு வந்து சேர்ந்தது. நெட்பாலோ அந்தப் பழைய கூடைப்பந்திலிருந்து 1890களில் இங்கிலாந்தில் பிரிந்து வளர்ந்த ஆட்டம். அன்றைய ஸ்பிரிங்ஃபீல்டில் ஜி.டி.யின் புகார் செல்லுபடியாகியிருக்கும்.

டிரிப்ளிங் வந்ததும் தடுப்பவரின் வேலையே மாறிப்போனது. பந்து வைத்திருப்பவர் அசையாமல் நிற்கும் ஆட்டத்தில் தடுப்பது கையின் வேலை. அவர் எந்தப் பக்கமும் பாயக்கூடிய ஆட்டத்தில் அது காலின் வேலை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

சரி, தனியாள் டிஃபென்ஸ் என்றால் என்ன? எதிரணியில் ஒருவர் உங்கள் பொறுப்பு. அவர் கையில் பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் சுலபமாக ரிங்குக்குப் போகாமலும், சுலபமாக ஷூட் செய்யாமலும், சுலபமாகப் பாஸ் வாங்காமலும் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. 'சுலபமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். அவர் பாயின்ட் எடுக்கவே முடியாமல் செய்வது யாராலும் ஆகாது. கஷ்டப்படுத்தலாம், அவ்வளவுதான். இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஜோன் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஆளுக்குப் பதிலாக ஆளுக்கொரு இடத்தைப் பிரித்துக்கொண்டு காப்பார்கள்.

சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் ஜோன் போட்டால் ஜெயிக்கலாம். பத்து வயதுப் பிள்ளை தூரத்திலிருந்து ஷூட் செய்யாது, ஐந்து பேரும் ரிங்குக்கு அடியில் கூடாரம் போட்டு நின்றால் போதும். அதனால்தான் பல கோச்சுகள் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். பல நாடுகளில் சிறுவர் போட்டிகளில் ஜோனுக்கு அனுமதியே கிடையாது என்பதற்கும் காரணம் அதுதான். கூடாரம் போட்டு ஜெயித்த பிள்ளை பதினாறு வயதில் ஒற்றைக்கு ஒற்றையாக ஓர் ஆளைத் தடுக்க வேண்டி வரும்போது முழிக்கும். எனக்கு இதில் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. பதினான்கு வயதுவரை என் தளத்தில் ஜோன் என்ற பேச்சே எடுக்க மாட்டேன்.

<b>கை நீளம்</b>

தடுக்கச் சொன்னதும் எல்லாப் பிள்ளைகளும் முதலில் செய்வது பந்தைத் தட்டிப் பறிக்கப் பாய்வது. நானும் அப்படித்தான் இருந்தேன். கல்லூரியில் ஒரு மண்டலப் போட்டி. மூன்றாவது கால்பகுதி முடிவதற்குள் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியே வந்து உட்கார்ந்தேன். ஐந்துமே பந்தைப் பறிக்கப் போய்க் கையில் அடித்தவை. பக்கத்தில் இருந்த கோச் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "உனக்குக் கை நீளம்மா. கால்தான் காணோம்." கை நீளம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பறிப்பது எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. வரலாற்றில் அதிக முறை பந்தைப் பறித்தவர் ஜான் ஸ்டாக்டன். 19 சீசன், 1,504 ஆட்டம், 3,265 முறை. வகுத்துப் பாருங்கள், ஓர் ஆட்டத்துக்கு இரண்டை ஒட்டித்தான் வரும். உலகத்திலேயே தேர்ந்த கை ஆட்டத்துக்கு இரண்டு முறை பறிக்கிறது. எங்கள் பையன்கள் நிமிடத்துக்கு இரண்டு முறை பாய்கிறார்கள். ஒவ்வொரு பாய்ச்சலிலும் உடம்பின் எடை முழுக்க முன்னால் போய்விடுகிறது. அந்த அரை விநாடியில் எதிராளி பக்கவாட்டில் ஒரே எட்டு வைத்தால் போதும், முன்னால் தடை இல்லை.

அதனால் முதல் மூன்று வாரம் கைக்கு விடுமுறை. ஆளுக்கொரு பழைய துண்டைக் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். துண்டை விடாமல் ஆளைத் தடுக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் முனகல்தான். அப்புறம் தானாகவே கால் நகர ஆரம்பிக்கும், ஏனென்றால் நகர்த்த வேறொன்றும் அவர்களிடம் இல்லை.

<b>நிற்பது, நகர்வது</b>

நிற்கும் முறையை ஸ்டான்ஸ் என்பார்கள். பாதங்கள் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக விரிந்திருக்க வேண்டும். எடை பாதத்தின் முன்பகுதியில். குதிகால் தரையைத் தொட்டும் தொடாமலும், அடியில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு. முழங்கால் மடங்கி, இடுப்பு இறங்கி, தலை நிமிர்ந்திருக்க வேண்டும். பிள்ளைகள் செய்யும் தப்பு எப்போதும் ஒன்றுதான். 'கீழே இறங்கு' என்றால் முழங்காலை விட்டுவிட்டு முதுகை வளைப்பார்கள். தொலைந்த காசைத் தேடுகிறவர் மாதிரி இருக்கும். "முக்காலியில் உட்காரப் போனாய், முக்காலியை யாரோ இழுத்துவிட்டார்கள், அப்படியே நில்" என்பேன். சரியாக நிற்கிறார்களா என்று பார்க்கத் தோளில் லேசாக ஒரு தள்ளு. முதுகை வளைத்தவர் தடுமாறுவார், காலை மடக்கியவர் அசைய மாட்டார்.

இருபது விநாடியில் தொடை எரியும். எரிய வேண்டியதுதான். ஆனால் இரண்டு நிமிடம் இப்படி நிற்க வைப்பதில் எந்தப் பயனும் இல்லை. ஆட்டத்தில் ஒருவர் ஒரே மூச்சில் பந்துக்கு எதிரே நிற்பது சில விநாடிகள்தான். பத்து விநாடி முழு வேகம், முப்பது விநாடி ஓய்வு. களைத்த கால் கெட்ட பழக்கத்தைத்தான் பழகும்.

நகர்வதற்கு ஸ்லைட் என்று பெயர். இடப்பக்கம் போக வேண்டும் என்றால் வலது காலால் தரையை உந்த வேண்டும், இடது கால் அந்தத் திசையில் எட்டு வைக்கும், வலது கால் பின்தொடரும். உந்துவதில்தான் வேகம் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் முன்காலை நீட்டி வைத்து உடம்பை அதை நோக்கி இழுப்பார்கள், அது மெதுவாகத்தான் வரும். இன்னொரு தப்பு, இரண்டு பாதமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது. கால்கள் சேரும் கணத்தில் நீங்கள் ஒற்றைக் கம்பம், யாரும் சுற்றிப் போகலாம். மூன்றாவது தப்பு, தவளை மாதிரி மேலும் கீழும் துள்ளுவது. காற்றில் இருக்கும்போது திசை மாற்ற முடியாதே.

இந்தத் துள்ளலைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியது ஜி.டி.யின் போனிடெயில். அவள் ஸ்லைட் செய்யும்போது அது மேலும் கீழும் குதித்தால் தப்பு, பக்கவாட்டில் மட்டும் ஆடினால் சரி. ஒரு நாள் முழுக்க மற்ற பெண்கள் அவள் போனிடெயிலைப் பார்த்தே மார்க் போட்டார்கள். போனிடெயில் இல்லாத பையன்களுக்கு? கழிப்பறைச் சுவரில் அவரவர் ஸ்டான்ஸில் தலை வரும் உயரத்தில் சாக்கட்டியால் நீளமாக ஒரு கோடு. அந்தக் கோட்டை ஒட்டியே தலை போக வேண்டும்.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. பந்தைப் பார்த்தால் பந்து ஏமாற்றும், முகத்தைப் பார்த்தால் முகம் ஏமாற்றும். தோள், தலை, கண் எல்லாமே பொய் சொல்லப் பழகியவை. தொப்புள் மட்டும் பொய் சொல்லாது. அது போகும் பக்கம்தான் ஆள் போவார். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்க வைத்து, பந்தே இல்லாமல், ஒருவர் போகும் பக்கமெல்லாம் மற்றவர் கண்ணாடி பிம்பம் மாதிரி போக வேண்டும் என்று விடுவேன். இரண்டு கோட்டுக்கு நடுவே நாலு மீட்டர் அகலம், எட்டு விநாடி. இதைவிட மலிவான பயிற்சி கிடையாது. ஒரு பந்தும் வேண்டாம், ரிங்கும் வேண்டாம், வீட்டு வாசலே போதும்.

இடைவெளி கை நீட்டினால் விரல்நுனி படும் தூரம். எதிராளி உங்களைவிட வேகமானவர் என்றால் அரை அடி கூட்டிக்கொள்ளுங்கள், தூரத்திலிருந்து ஷூட் செய்யத் தெரிந்தவர் என்றால் குறையுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆளைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

<b>ஆயா சொன்னது</b>

தளத்தின் ஓரத்தில் ஜி.டி.யின் ஆயா நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எழுபது தாண்டியவர். பிறந்தது கேட்டோ மேனரில். 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் இந்தியர்களை அங்கிருந்து கிளப்பியபோது குடும்பத்தோடு சாட்ஸ்வொர்த்துக்கு வந்தவர். பேத்திக்கு இங்கிலீஷ்தான் சரளம், ஆயாவுக்கு இன்னும் தமிழ்தான் வாயில் வருகிறது. எனக்கு அங்கே பேச்சுத்துணை அவர்தான்.

ஒரு நாள் ஒரு பையன் மறுபடி மறுபடி பந்தின் மேல் பாய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சொன்னார்: "ஏம்மா, இவங்கெல்லாம் கோழி பிடிச்சதே இல்லையா? கோழி மேல பாஞ்சா கோழி கிடைக்குமா? கைய விரிச்சுக்கிட்டு மெதுவா மூலைக்கு ஓட்டணும். மூலைக்குப் போச்சுன்னா அப்புறம் அது எங்க போகும்?"

கேட்டோ மேனரில் அவர்கள் வீட்டில் கோழி வளர்த்திருக்கிறார்கள். டர்பனில் இப்போதும் பூசைக்கும் குழம்புக்கும் உயிர்க்கோழி வாங்குகிறவர்கள் உண்டு, ரன்னிங் ஃபவுல் என்று அதற்குப் பெயர். நடுவர் ஊதும் ஃபவுலும், இங்கிலீஷில் கோழியைச் சொல்லும் இந்த ஃபவுலும் காதுக்கு ஒன்றுதான் என்பதால் பிள்ளைகளுக்கு அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். யாராவது கையில் அடித்துவிட்டால் இப்போதும் "ரன்னிங் ஃபவுல்!" என்றுதான் கத்துகிறார்கள்.

ஆயா சொன்னது தனியாள் டிஃபென்ஸில் பாதிப் பாடம். எதிராளிக்கு எதிரே பொத்தாம்பொதுவாக நிற்பதைவிட, அவரை உங்களுக்கு வசதியான பக்கத்துக்கு ஓட்டுவது மேல். வசதியான பக்கம் பெரும்பாலும் பக்கக்கோடு. கோட்டைத் தாண்டினால் பந்து நமக்கு. ஆகவே கோடு என்பது களைக்காத, ஃபவுல் செய்யாத இன்னொரு தடுப்பாட்டக்காரர். தளத்தின் மூலையில் இரண்டு கோடு சேர்கிறது, அங்கே தள்ளிவிட்டால் இரண்டு பேர் உதவிக்கு வந்த மாதிரி. நடுப்பகுதி அதற்கு நேர்மாறு. அங்கே போனவருக்கு இடம், வலம், நேர் என எல்லா வழியும் திறந்திருக்கும்.

எப்படி ஓட்டுவது? நேருக்கு நேர் மூக்குக்கு மூக்கு நிற்காமல் அரை ஆள் அகலம் விலகி நில்லுங்கள். அவர் வலது கையால் பந்தைத் தட்டுகிறார், நீங்கள் அவரை அவருடைய இடப்பக்கம் அனுப்ப விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மூக்கு அவருடைய வலது தோளுக்கு நேராக வர வேண்டும், அந்தப் பக்கத்துக் கால் ஒரு பாதம் முன்னால். வலப்பக்கக் கதவு சாத்தியாயிற்று. இடப்பக்கம் திறந்திருப்பதுபோல் தெரியும், அங்கே போவார், கூடவே நீங்களும் ஸ்லைட் செய்துகொண்டு போவீர்கள். பிள்ளைகளில் பலருக்கு இடது கையால் தட்ட வராது என்பதால் இது இரட்டை லாபம். ஒரே எச்சரிக்கை, முன்னால் வைத்த காலை எட்டி வைத்துவிடக் கூடாது. அப்போது திறந்த கதவு வாசலாகவே ஆகிவிடும்.

இதைப் பழக்குவதற்கு வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் பயிற்சி. தளத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்தால் ஏழரை மீட்டர் அகலத்தில் இரண்டு சந்து கிடைக்கும். ஒவ்வொரு சந்திலும் ஓர் ஜோடி. பந்து வைத்திருப்பவர் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குக் குறுக்காகப் போய்த் திரும்பி, மறுபடி குறுக்காகப் போய், இப்படியே எதிர்முனை வரை. தடுப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் அவருக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். முதலில் பாதி வேகம், துண்டு பின்னால். பிறகு துண்டு இல்லாமல். கடைசியில்தான் முழு வேகம், நிஜச் சண்டை. நேரே நிஜச் சண்டையில் ஆரம்பித்தால் வேகமான பிள்ளை ஜெயிக்கும், மெதுவான பிள்ளை ஒன்றும் கற்றுக்கொள்ளாது.

எப்படிப் பழகினாலும் சில சமயம் ஆள் தாண்டிப் போய்விடுவார். அப்போது என்ன செய்வது என்பதில் கோச்சுகளுக்குள் வாக்குவாதம் உண்டு. என்ன ஆனாலும் ஸ்லைட் செய்துகொண்டே இரு, காலைக் குறுக்கே போடாதே என்பது பழைய பள்ளி. என் கட்சி வேறு. தாண்டிவிட்டாரா, இடுப்பைத் திருப்பி ஓடு. அவருக்கும் ரிங்குக்கும் நடுவே ஓர் இடத்தைக் குறிவைத்து ஓடி, அங்கே போனதும் மறுபடி இறங்கி நில். ஓடுகிறவரை ஸ்லைட் செய்து பிடித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

<b>நடுவர் பார்ப்பது</b>

விதியில் மூன்று விஷயம் பிள்ளைகளுக்குப் புரிந்தால் போதும். எதிராளியை நேருக்கு நேராகப் பார்த்து, இரண்டு காலும் தரையில் இருக்கும்படி அவர் வழியில் நின்றுவிட்டால் அந்த இடம் உங்களுடையது. அதற்குப் பிறகு பக்கவாட்டிலோ பின்னாலோ நகர்ந்துகொண்டே தடுக்கலாம். அவர் உங்கள் மார்பில் வந்து மோதினால் பொறுப்பு அவருடையது. இரண்டாவது, ஒவ்வொருவரையும் சுற்றி ஓர் உருளை இருப்பதாக நடுவர் கற்பனை செய்துகொள்கிறார். உங்கள் உருளைக்குள் நேர்மேலே கை தூக்கலாம், குதிக்கலாம். கை முன்னால் சாய்ந்து அடுத்தவர் உருளைக்குள் போய் இடித்தால் ஃபவுல் உங்கள் கணக்கில். மூன்றாவது, எதிராளியின் இடுப்பில் கையை வைத்துக்கொண்டே கூடப் போவது ஃபவுல்தான், எவ்வளவு மென்மையாக வைத்தாலும்.

சர்வதேச விதிப்படி ஐந்தாவது ஃபவுலில் ஆட்டக்காரர் வெளியே. அந்த அனுபவத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

இங்கே ஜி.டி.யிடம் திரும்பி வர வேண்டும். இரண்டு மாதம் அவள் காலைப் பழகினாள், கையை மறந்தே போனாள். ஒரு சனிக்கிழமை, முதல் நாள் அவளைத் தாண்டிப் போன அதே பையன், மூலையில் மாட்டிக்கொண்டு பந்தை இரண்டு கையாலும் பிடித்து நின்றுவிட்டான். டிரிப்ளிங்கை ஒரு முறை நிறுத்தினால் மறுபடி தட்டக்கூடாது. அவனால் நகர முடியாது. ஒரு கணம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் அவள் முகத்தில் ஒன்று மாறியது. இது அவளுக்குத் தெரிந்த ஆட்டம்! பந்து வைத்திருப்பவன் நகர முடியாமல் நிற்கிறான், இனி கையின் வேலை. இரண்டு கையும் மேலே போயின. ஒரு கை பந்துக்கு எதிரே, பந்து போகும் பக்கமெல்லாம் கூடவே போகிறது. இன்னொன்று பாஸ் போகும் வழியில். மூன்றடி தள்ளி நிற்கும் கட்டாயமும் இங்கே இல்லை என்று நான் கத்தியதும் ஒட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்கும் விதியில் பரிசு உண்டு. பந்தைப் பிடித்து நிற்பவரை ஒரு மீட்டருக்குள் நின்று முறையாகத் தடுத்தால், அவர் ஐந்து விநாடிக்குள் பாஸோ ஷூட்டோ டிரிப்ளிங்கோ செய்தாக வேண்டும். இல்லையென்றால் பந்து நமக்கு. ஓரத்தில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தமிழில் எண்ணினார்கள், காலையில் வகுப்பில் படித்தது வீணாகாமல். நாலு என்னும்போது அவன் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டான்.

ஷூட்டைத் தடுப்பதிலும் அதே கைதான். நேர்மேலே தூக்கு, அடிக்கப் போகாதே. அவர் தரையைவிட்டுக் கிளம்பும் முன் நீ கிளம்பாதே, பாதி நேரம் அது ஏமாற்று. காங்கோவிலிருந்து போய் என்.பி.ஏ.யில் நாலு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கிய டிக்கெம்பே முட்டோம்போ, ஷூட்டைத் தட்டிவிட்டு விரலை ஆட்டும் வீடியோவை எங்கள் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். விரல் ஆட்டுவது மட்டும் முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் வந்துவிட்டது. தட்டிய பந்தை ரோட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று சொல்லித்தான் மாளவில்லை. வெளியே போன பந்து மறுபடி அவர்களுக்கே. அதே என்.பி.ஏ.யில் 13 சீசனில் 11 முறை பட்டம் வென்ற பில் ரஸ்ஸல், தட்டும் பந்து தன் அணியின் கைக்கே வரும்படி தட்டுவதில் பெயர் பெற்றவர்.

<b>குரங்கும் சமோசாவும்</b>

இதுவரை சொன்னது பந்து வைத்திருப்பவருக்கு எதிரே. ஆனால் ஐந்து பேரில் நாலு பேருக்கு எப்போதும் பந்தில்லாத ஆள்தான் பொறுப்பு. ஆரம்பக்காரர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள். பந்தையே வாய்பார்த்து நிற்பார்கள், பின்னால் தங்கள் ஆள் நழுவிப் போய் ரிங்குக்கு அடியில் நிற்பான்.

இதைப் புரியவைக்க எனக்கு உதவியவை டர்பன் குரங்குகள். இந்தப் பக்கம் வெர்வெட் குரங்குகள் நிறைய. அன்று பிள்ளைகள் பைகளைத் தளத்துக்குப் பின்னால் வேலியோரம் வைத்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லார் கண்ணும் பந்தில். ஒரு குரங்கு வேலியைத் தாண்டி வந்து, பையின் ஜிப்பைத் திறந்து, யாரோ கொண்டுவந்த சமோசாப் பொட்டலத்தோடு மரத்தில் ஏறி நிதானமாகத் தின்றது. ஆயா மட்டும் பார்த்திருக்கிறார், கத்துவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

மறுவாரம் பைகளை அதே இடத்தில் வைக்கச் சொன்னேன். "பந்தையும் பார்க்க வேண்டும், பையையும் பார்க்க வேண்டும். எங்கே நிற்பாய்?" என்று கேட்டேன். ஒரு பொடியன் பந்துக்கும் பைக்கும் நடுவே, ஆனால் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போய், பக்கவாட்டில் திரும்பி நின்றான். தலையைத் திருப்பாமலே இரண்டும் ஓரக்கண்ணில் தெரிகிறது என்றான். அதேதான். பந்து, நீ, உன் ஆள், மூன்றும் ஒரு தட்டையான முக்கோணம். ஒரு கை பந்தைச் சுட்டட்டும், மறு கை ஆளைச் சுட்டட்டும். பந்து ஒரு பாஸ் தூரத்தில் இருந்தால் ஆளுக்கு நெருங்கி நின்று பாஸ் வரும் வழியில் கையை வை. இரண்டு பாஸ் தூரம் என்றால் ஆளைக் கொஞ்சம் விட்டு ரிங் பக்கம் நகர்ந்து உதவிக்குத் தயாராக நில். பந்து ஒவ்வொரு முறை கைமாறும்போதும் முக்கோணம் மாறும், நீயும் மாற வேண்டும். பந்து காற்றில் இருக்கும்போதே நகர வேண்டும், போய்ச் சேர்ந்த பிறகு நகர்ந்தால் தாமதம்.

அப்படி உதவிக்குப் போயிருக்கும்போது உன் ஆளுக்கே பாஸ் போய்விட்டால் ஓடித் திரும்ப வேண்டும். இதற்கு குளோஸ் அவுட் என்று பெயர், எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். மெதுவாகப் போனால் ஷூட் செய்துவிடுவார், அதே வேகத்தில் போய் முட்டினால் பக்கத்தில் நழுவிவிடுவார். மூன்றில் இரண்டு பங்கு தூரம் முழு ஓட்டம், கடைசிப் பங்கில் சின்னச் சின்ன எட்டு, இடுப்பு கீழே, எடை பின்னால், ஒரு கை மேலே. ஈரத்தரையில் சறுக்காமல் நிற்க நாம் எல்லாரும் எடுக்கும் அந்தச் சின்ன எட்டுதான். சிமென்டில் இதை அதிகம் செய்யவைக்காதீர்கள், முழங்கால் தாங்காது. ஆளுக்கு ஆறு முறை, போதும்.

ஷூட் கிளம்பியதும் பந்தை அண்ணாந்து பார்க்காமல், முதலில் உன் ஆளைத் தேடி, முன்கையால் தொட்டு, திரும்பி, அவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இறங்கி நிற்பது பாக்ஸ் அவுட். ரிங்கில் விழாமல் திரும்பி வரும் பந்தை, அதாவது ரீபவுண்டை, எடுத்த பிறகுதான் டிஃபென்ஸ் முடிகிறது.

ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் இதற்கெல்லாம் இருபது, இருபத்தைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும், ஆனால் ஒரு வாரமும் விடக்கூடாது. ஆரம்பத்திலேயே வைத்துவிடுங்கள், கால் புதிதாக இருக்கும்போது. ஜனவரி, பிப்ரவரியில் டர்பன் புழுக்கத்தில் கடைசியில் வைத்தால் யாரும் இடுப்பை இறக்க மாட்டார்கள். இன்னொன்று, தாமதமாக வந்தவர்களுக்கும் வம்பு செய்தவர்களுக்கும் தண்டனையாக ஸ்லைட் கொடுக்கும் கோச்சுகள் உண்டு. அப்படிக் கொடுத்தால் டிஃபென்ஸ் என்றாலே பிள்ளைகளுக்குக் கசந்துபோகும். நான் தலைகீழாக வைத்திருக்கிறேன். ஒற்றைக்கு ஒற்றை ஆட்டத்தில் பாயின்ட் தடுப்பவருக்குத்தான். தொடர்ந்து மூன்று பேரை நிறுத்தினால் போய்த் தண்ணீர் குடிக்கலாம். வரிசையில் நிற்பவர்கள் இப்போது தடுக்கத்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

போட்டி நாளில் புள்ளிவிவரம் எழுதும் தாளில் பறித்ததற்குப் பத்தி உண்டு, ஷூட்டைத் தட்டியதற்கும் உண்டு. எதிராளியைக் கோட்டோரம் ஓட்டிப்போய்ப் பந்தைப் பிடித்து நிற்க வைத்ததற்கோ, வந்த வழியே திருப்பி அனுப்பியதற்கோ பத்தி கிடையாது. அதனால் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு கிழித்து நானே ஒரு பத்தி போட்டுக்கொண்டேன், தலைப்பு 'மூலை'. போன வாரம் ஜி.டி.யின் பெயருக்கு நேரே பறித்தது பூஜ்யம், தட்டியது பூஜ்யம், மூலை ஏழு. ஆயா தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏழு என்பதை மட்டும் இரண்டு முறை படித்தார்.